லித்தியமும் என் நாத்தனாரும்

லித்தியம் மாத்திரையை நான் மன்னித்துவிட்டேன். விரல் நடுங்குகிறது, ஓயாமல் தாகம் எடுக்கிறது, உடம்பு பெருத்துப்போய் பழைய ரவிக்கை ஒன்றும் சேரவில்லை. போகட்டும். என் வீட்டுக்காரரின் அக்காவை மட்டும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. நேரில் இன்றைக்கும் 'நங்கையா' என்று கூப்பிட்டு, 'ங்க' போட்டுத்தான் பேசுகிறேன். எழுத்தில் அந்த மரியாதை வேண்டியதில்லை என்பதால் அவள் என்றே எழுதுகிறேன்.

கேரள எல்லைக்குள், எருத்தேன்பதியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் எனக்கு நோய் வந்தது. நாள்கணக்கில் தூக்கம் கிடையாது. தோப்பு முழுக்க நானே மடை கட்டுவேன், பேசாத சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு விருந்துக்குக் கூப்பிடுவேன். அது அடங்கினால் அடுத்த சில மாதங்கள் எழுந்து தலைசீவக்கூட முடியாது. பாலக்காட்டில் ஒரு பெண் டாக்டர்தான் லித்தியம் கொடுத்தார். இது மயக்குகிற மருந்தோ தூங்கவைக்கிற மருந்தோ இல்லை, மனம் ஒரேயடியாக ஏறாமலும் இறங்காமலும் பிடித்துவைக்கிற மருந்து என்றார். எங்கள் வாய்க்கால் மதகைப் போல என்று நான் புரிந்துகொண்டேன். மதகு தண்ணீரை நிறுத்திவிடுவதில்லை, கரை உடையாமல் விடுகிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் விஷம், அதனால் அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். தண்ணீரும் உப்பும் எப்போதும் போல இருக்கட்டும் என்றார். எல்லா டாக்டரும் சொல்கிற பேச்சு என்று அதை மட்டும் நாங்கள் காதில் வாங்கவில்லை.

மாத்திரையை நான் ஒருநாளும் தவறவிடாததற்குக் காரணம் என் மகள். "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா புள்ள அக்கா ஊட்டுல இருக்கட்டும்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அக்காளுக்கு ஒரே மகன், பெண் இல்லை. என் பிள்ளைக்குத் தலைபின்னிவிடும்போதெல்லாம், 'எங்கூடவே வந்துர்றயா கண்ணு' என்று என் காது கேட்கவே கேட்பாள்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு முன்னால் ஒருநாள் வந்து உட்கார்ந்தாள்.

"அம்முணி, உனக்காக ஆத்தாளுக்கு நேந்திருக்கறன். நோம்பி முடியற வரைக்கும் நீ உப்பில்லாமச் சாப்பிடோணும். அப்பறம் பாரு, அந்த மாத்திரையே வேண்டியதில்ல."

மாட்டேன் என்றால் சாமி குத்தம், மாமியார் வீட்டுக் குத்தம், எல்லாம் என் தலையில் விழும். மாத்திரையையும் விடவில்லை, உப்பையும் தொடவில்லை. கஞ்சியும் பச்சை மோரும். வெளியே கொளுத்துகிற வெயில்.

சில நாளில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. கை நடுக்கத்தில் செம்பைப் பிடிக்க முடியவில்லை. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் வந்து பார்த்தாள். "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. புள்ள இதையெல்லாம் பாக்கக் கூடாது" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, என் மகளின் துணிமணியை மடித்துப் பைக்குள் வைத்து, பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான் தடுக்கவில்லை. நானே நம்பிவிட்டேன், நோய்தான் திரும்பிவிட்டதென்று.

வீட்டுக்காரர் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்த டாக்டர் மலையாளத்தில் கேட்ட முதல் கேள்வியே, "உப்பு குறைச்சோ?" என்பதுதான். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் தேக்கிக்கொள்ளுமாம். ரத்தத்தில் அது கூடிப்போனதுதான் இத்தனைக்கும் காரணம். நோய் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்று வீட்டுக்காரரிடம் அதட்டலாகச் சொன்னார். மருந்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, தெளிந்த பிறகு குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்.

வீடு திரும்பியதும் பிள்ளையைக் கேட்டேன். அவள் அனுப்பவில்லை. "ஆத்தாளுக்கு நேந்ததுல போயி கொற சொல்றாங்களா? அந்த டாக்டர் வாயால நானே கேக்கோணும். அதுக்கப்பறம் பாக்கலாம்" என்றாள். வீட்டுக்காரர் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அவளும் வந்தாள். மனநோய்ப் பிரிவின் வாசல் பெஞ்சில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, யாராவது தெரிந்தவர்கள் வந்துவிடுவார்களோ என்று பதறிப்பதறி உட்கார்ந்திருந்தாள். நான் இந்தப் பெஞ்சில் வருடக்கணக்காக உட்கார்கிறேன். டாக்டர் அதையே திரும்பச் சொன்னார். வெளியே வந்ததும், "பள்ளிக்கூடம் லீவு உடட்டும், அப்பறம் பேசலாம்" என்றாள்.

அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் ஊர்க்காரி ஒருத்தி எதிரே வந்தாள். முழங்கால் வலிக்குக் காட்ட வந்தவள். போர்டைப் பார்த்துக் குரலைத் தணித்து, "ஏனுங்க, ஆருக்குங்க?" என்றாள்.

"எங்க நங்கையாளுக்குங்க. நான் தொணைக்கு வந்தனுங்க," என்றேன்.

நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

அந்த வாரமே அவள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அவள் மகனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பெண் பேசி, பூ வைக்கிற நாள் குறித்திருந்தார்கள். பெண் வீட்டார் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். பிறகு யாரோ மூலமாக, பையனின் அம்மாவுக்கு ஏதோ வைத்தியம் நடக்கிறதாமே என்று கேட்டனுப்பினார்கள். இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வருடக்கணக்கில் எந்த மாத்திரையும் தராத நிம்மதி.

அவள் ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நீ ஒரு வார்த்த சொல்லீரு அம்முணி. மாத்திர உனக்குத்தான்னு பொண்ணூட்டுல சொல்லீரு. என்ற பையன் வாழ்க்க இது."

"என்ற புள்ளைய மொதல்ல கொண்டாந்து உடுங்க நங்கையா."

பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட்டாள், பையோடு. மகள் என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். அவள் படியிலேயே நின்றாள்.

"இப்பச் சொல்றயா?"

"மாத்திர சாப்பிடறது என்ன குத்தங்களா? அதுல சொல்றதுக்கு என்னங்க இருக்குது?"

நான் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாவி. நாளைக்கு உன்ற புள்ளைக்கும் மாப்பள பாக்கறப்ப இதே பேச்சு வரும். நெனச்சுக்கோ."

அது வரும். ஒரு பொய்யைச் சொல்லி, இந்த நோயைப் பற்றிய வெட்கத்துக்கு நானும் ஒரு கை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நின்றேன்.

"வரட்டுமுங்க," என்றேன். "அன்னிக்கு அவ அம்மாவா நான்தான் இந்த ஊட்டுல இருப்பன். அதுக்குத்தானுங்க நான் மாத்திர சாப்பிடறது."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். மகள் பசிக்கிறது என்றாள். சோறு போட்டேன்.