இரும்புச் சிலிண்டருக்கு ஒரு சட்டை

எட்மண்டனில் எனக்கொரு சமையற்கூடம் இருந்தது. வடக்கு லண்டனில் தமிழ்க் கடை வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம்தான் இடியப்பம் எடுத்தார்கள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் பத்து வருடம் இரும்புத் தொழிற்சாலையில் கடைசல் எந்திரத்தில் நின்றேன். படித்துப் பட்டம் வாங்கி வந்த வெள்ளைக்காரர்கள் அளவு பிழைத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைதான் பேசுகிறேன். எழும்பி வந்தவன் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

ஆனால் இடியப்பம் பிழிந்தது நானில்லை, என் மனைவி. இடியப்பம் பிழியும் மர உரலைப் பிடித்து, விடியற்காலையிலிருந்து இரண்டு கையாலும் அமத்திப் பிழிவாள். ஒரு மாரிகாலத்தில் அவளுடைய மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. இதே வேலையைத் தொடர்ந்தால் மணிக்கட்டு மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். கையில் பட்டி கட்டிவிட்டார். அவள் தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த நாள் பட்டியோடேயே பிழிந்தாள். ஆள் வைத்தும் பார்த்தோம். வந்தவர்கள் பிழிந்ததைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பவும் உரலைத் தானே வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் மிசின் செய்ய இறங்கினேன். நல்ல எவர்சில்வர் சிலிண்டர், என் கையாலேயே கடைந்தது. மோட்டார், பிஸ்டன், துளைத் தகடு எல்லாம் வெள்ளி மாதிரி மின்னின. முதல் நாள் மூன்று தட்டுக்கு நூல் நூலாக இறங்கியது. நாலாவது தட்டில் துண்டு துண்டாக விழுந்தது. ஐந்தாவதில் மோட்டார் முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

மாவில்தான் பிழை என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு இடியப்பம் சரிவராவிட்டால் முதலில் மாவைத்தான் திட்ட வரும். சிவப்பரிசி மாவை மாற்றினேன். வறுத்த பதத்தை மாற்றினேன். அவித்த கோதுமை மாவைக் கூட்டினேன், குறைத்தேன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கடை மா நல்லது என்று கேள்விப்பட்டு அங்கேயும் ஓடினேன். ஆறு மாதம் இப்படியே போனது.

அவள் ஒவ்வொரு நாளும் ஒன்றையே சொன்னாள். "மாவில ஒரு பிழையும் இல்லையப்பா. உந்த இரும்பு சில்லெண்டு கிடக்கு. கொதிதண்ணியில குழைச்ச என்ர மா அதுக்குள்ள போய் விறைச்சுப் போகுது. மர உரல் இப்பிடிச் செய்யிறேல்லை."

"நீ மாவைக் குழை. மிசினை நான் பாக்கிறன்."

"பாத்தது காணும்," என்று உரலை எடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இடியப்பம் வாங்க வரும் ஒருவர் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நின்றுபோன மிசினுக்கு முன்னால் நான் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அண்ணை, நீங்கள் இவ்வளவு பெரிய விஞ்ஞானி. சவுத் கென்சிங்டன் விஞ்ஞான மியூசியத்தில உங்கட ஆக்கள் இருக்கினம், ஒருக்கால் போய்க் கண்டிட்டு வாங்கோவன்."

கோபத்தில்தான் போனேன். அங்கே இருப்பதெல்லாம் நான் கண்டதுதான் என்று அவரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று போனேன்.

ஒரு கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. நீராவி எந்திரத்தைச் சீராக்கி உலகத்தையே மாற்றிய மனிதரின் வேலை அறை. கிழவனான பிறகு வீட்டு மேல்மாடியில் அவர் இருந்து வேலை செய்த இடம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு பூட்டி வைத்திருந்து, பிறகு தரைப்பலகையோடு கழற்றி லண்டனுக்குக் கொண்டுவந்து, இருந்தது இருந்தபடி வைத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் காலால் மிதிக்கும் கடைசல் எந்திரம். தோல் ஏப்ரன் ஒன்று தொங்குகிறது. இழுப்பறைகள், போத்தல்கள், அரங்கள், உளிகள், தூசி. பாதி வேலை முடிந்த வெள்ளைத் தலைச் சிலைகள். தேத்தண்ணி குடிக்க இப்போதுதான் எழும்பிப் போன மாதிரி எல்லாம் கிடந்தன.

கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை. ஒரு கெட்டிக்காரனைக் கண்டால் அவனையும் என்னையும் வைத்து அளந்து பார்ப்பது என் பழக்கம். அன்றைக்கு அளக்கத் தோன்றவில்லை. சரிவராத துண்டுகளைக்கூட அந்த மனிதர் எறியாமல் வைத்திருந்தார். நான் மூன்று பிஸ்டனைக் கோபத்தில் குப்பையில் போட்டவன்.

நான் அசையாமல் நிற்பதைக் கண்டு, அங்கே வேலை செய்த என் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "இவருடைய எந்திரம் அந்தப் பக்கம் இருக்கிறது, பார்த்தீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக் கூரையை முட்டும் உயரம். நான் சிலிண்டரைத்தான் பார்த்தேன். அதைச் சுற்றி இன்னொரு இரும்புக் கூடு இருந்தது.

"இது ஏன்?"

"அது சிலிண்டருக்கு ஒரு சட்டை. இடையில் நீராவி ஓடும். சிலிண்டர் ஒருபோதும் குளிரக்கூடாது. குளிர்ந்தால் உள்ளே போகிற நீராவி வீணாகிவிடும்."

என் இங்கிலீஷ் வேலைத்தல இங்கிலீஷ். பிழையாக விளங்கிவிட்டேனோ என்று மூன்று தரம் கேட்டேன். அவர் மூன்று தரமும் சலிக்காமல் சொன்னார். அத்தனை பெரிய இரும்பை உருவாக்கிய மனிதர் அது குளிர்ந்துவிடாமல் கைக்குழந்தையைப் போலப் போர்த்தி வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மாச்சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அதைத்தானே நான் ஆறு மாசமாச் சொல்லுறன்?"

"நீ குளிருது எண்டுதானே சொன்னனீ. சட்டை போடச் சொன்னனியோ?"

"குளிருது எண்டு சொன்னால் சட்டை போட வேணும் எண்டு விளங்காதோ? பிள்ளைக்கெண்டால் போடுவியள்தானே."

அன்றிரவே அளவுநாடாவோடு சிலிண்டருக்கு முன்னால் குந்தினேன்.

ஒரு கிழமையில் சிலிண்டரைச் சுற்றி இன்னொரு தகடு வளைத்துப் பற்றவைத்தேன். இடையில் கொதிதண்ணீர் ஓட ஒரு குழாய் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை அவள் கைப்பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, உரலையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். மோட்டாரைப் போட்டேன். மூன்று தட்டு. நாலு. ஐந்து. பத்தாவது தட்டிலும் நூல் அறவில்லை.

"மெல்ல விடுங்கோ!" என்று கத்தினாள். "தட்டு மாத்த நேரம் தாறியள் இல்லை!"

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு ஒருவரும் தந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவளையும் அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அரங்களையும் கடைசல் எந்திரத்தையும் காட்டி, எனக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக விளக்கம் கொடுத்தேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதில பொரிக்கிற சட்டியெல்லே இருக்கு?"

இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில். அன்றைக்கு ஒரு மணித்தியாலம் நின்றும் என் கண்ணில் படவில்லை. அங்கே நின்ற ஒருவரிடம் கேட்டேன். வேலையை விட்டுக் கீழே இறங்க மனமில்லாமல் அந்தக் கிழவர் அங்கேயே சமைத்துச் சாப்பிடுவாராம்.

"பாவம் அந்த ஆளின்ர மனுசி," என்றாள் என் மனைவி. "மேல என்ன செய்யிறார் எண்டு தெரியாமல் கீழ காத்துக்கொண்டு இருந்திருப்பா."

பிறகு நன்றாக உள்ளே பார்ப்பதற்காக இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் அழுத்தி ஊன்றி, முகத்தைக் கிட்ட வைத்தாள். மணிக்கட்டு இரண்டும் வீக்கமில்லாமல் முழுதாக மடங்கியிருந்தன. நான் அறையைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியைத் தொடவேண்டாம் என்று ஊழியர் வந்து சொல்லும்வரை அவள் எடுக்கவில்லை.