அரிசியா, அடுப்பா

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த மறு வருடம் எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மகள் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியிருந்தாள். புதிய நாட்டுக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்று அரசாங்கம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சீமைக்குப் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு மனுப் போட்டே தீருவேன் என்பது அவள் பிடிவாதம். சுங்க இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த என் கணவருக்கோ சிரம்பானிலிருந்து வந்திருந்த சம்பந்தத்தைக் கைவிட மனமில்லை. நானே ஓர் ஆசிரியை. ஆனாலும் ஒரே மகளைக் கப்பலேற்றிவிட்டு இந்த வீட்டில் இருந்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். அதன்பின் அவள் என்னோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். மீன் பொரிக்கும் வாசனை வந்தால் வாசலுக்குப் போய் நிற்பாள். பகலில் படுத்தே அறியாத பெண், சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். கோபத்தைச் சோற்றில் காட்டுகிறாள் என்றார் என் கணவர். "பசிச்சா தானா எழுந்து வருவா, விடு."

எங்கள் வீடு மலாக்காவில், காஜா பேராங் பகுதியில், செட்டிகளின் குடியிருப்பான கம்பத்தை ஒட்டி இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். தமிழில் அவளுக்குத் தெரிந்தவை சாமி பெயர்களும் சில உறவுமுறைகளும் மட்டுமே. என்னைச் 'சிக்கு' என்று கூப்பிடுவாள். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். நான் ஒன்றும் கேட்காமலே ஒருநாள் சொன்னாள்: "சாக்கிட் ஹாத்தி, சிக்கு." மனசு நொந்திருக்கிறாள் என்று அர்த்தம். மலாக்காவில் யாருக்கு யார்மேல் வருத்தம் வந்தாலும் இந்த இரண்டு வார்த்தைகளில் முடித்துவிடுவார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஆனால் அதே அம்மாள்தான் அடுத்த வெள்ளிக்கிழமை பலகாரத் தட்டோடு வந்தவள், முற்றத்து வெயிலில் தலை உலர்த்திக்கொண்டிருந்த என் மகளின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். கண் மஞ்சளாக இருக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை அல்லவா, மஞ்சள் பூசிக் குளித்திருக்கிறாள் என்றேன். கண்ணுக்குள்ளுமா பூசினாள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. நான் போய்ப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை முழுவதும் பழைய தந்தத்தின் நிறத்தில் இருந்தது.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்தாள். இரண்டொரு நாளில் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. துப்பத் துப்ப வந்துகொண்டே இருந்தது. பேச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவைக் கூப்பிட்டு அவளை ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெங்கும் மெர்டேக்காவுக்குக் கட்டிய வளைவுகளில் சில இன்னும் பிரிக்காமல் நின்றன. காகிதமெல்லாம் மழையில் வெளுத்திருந்தது. அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சாய்ந்தாள்.

பெண்கள் வார்டில் அவளைப் படுக்கவைத்து, டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனதும் ஒரு மலாய் மிஸ்ஸி என்னிடம் வந்தாள். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். சின்னப் பெண். குரலைத் தணித்து, "ஹாத்தி டியா சாக்கிட், மக்சிக். சுடா பெங்காக்" என்றாள்.

அவள் மனசு நோயாகக் கிடக்கிறது, வீங்கிப் போயிருக்கிறது. என் காதில் அப்படித்தான் விழுந்தது. வீட்டுச் சண்டை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டதே என்று எனக்கு முகம் சுட்டது. மகள் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். அந்தச் சின்னப் பெண்ணிடம் நியாயம் பேசத் தொடங்கினேன். நாங்கள் ஒரேயடியாக மறுக்கவில்லை, நல்ல இடத்துச் சம்பந்தம், அவள் அப்பாவுக்கும் வயதாகிறது என்று என்னென்னவோ சொன்னேன். மிஸ்ஸி ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள். பிறகு என் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து மெல்ல அழுத்தினாள். "சினி," என்றாள். இங்கே.

மலாயில் மனசுக்கும் ஈரலுக்கும் ஒரே சொல். இத்தனை வருடம் இந்த ஊரில் பேசிப் புழங்கியவள், அது எனக்குத் தெரியாததல்ல. சந்தையில் கோழி ஈரல் வாங்கும்போது அந்தச் சொல்லைத்தான் சொல்லி வாங்குவேன். ஆனால் என் பிள்ளைக்கும் உள்ளே அப்படியொன்று இருக்கிறது என்பது அந்தக் கை பட்டபோதுதான் உறைத்தது. எனக்கு ஈரக்குலை நடுங்கியது. தமிழிலும் அது அங்கேதான் நடுங்குகிறது.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து என்னை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள் மிஸ்ஸி. நான் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலை எடுத்ததும் பஞ்சு மறுபடி சிவந்தது. மாற்றிய பஞ்சும் சிவந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நடுவயது. மகளிடம் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் விசாரித்தார். பரீட்சை முடிவு வந்தபோது தோழிகளோடு ஆற்றோரக் கடையில் கெராங் சாப்பிட்டதாகச் சொன்னாள். கொதிநீரில் போட்டதும் எடுத்துவிடுகிற சிப்பி அது. பாதி பச்சையாகவே இருக்கும். எனக்கு அதுவரை தெரியாது. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் ஆசிரியை என்பதால்தானோ என்னவோ, பொறுமையாக விளக்கினார். மேசைமேல் ரத்தச் சோதனைக் காகிதங்கள் இருந்தன. முதல் காகிதத்தில் ஒரு எண்ணைக் காட்டினார்.

"இது ரத்தத்தில இருக்கிற பித்த மஞ்சளின்ர அளவு, ரீச்சர். மஞ்சள் இருக்கெண்டு மட்டும்தான் இது சொல்லும். ஏனெண்டு சொல்லாது. இருக்கிறது எனக்குக் கண்ணிலயே தெரியுதே."

ஏன் என்பதற்கு அவருக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஈரலிலிருந்து பித்தம் வடிகிற குழாய் கல்லால் அடைபட்டிருக்கலாம். அல்லது ஈரலே அழன்று வீங்கியிருக்கலாம். குழாய் அடைத்தால் ரத்தத்தில் ஒரு பொருள் ஏறும். அது அவளுக்கு ஏறியிருந்தது, ஆனால் அடைப்பு என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஈரல் அழன்றிருந்தால் வேறொரு சோதனையில் தெரியும். இரண்டு கண்ணாடிக் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தெளிந்த மருந்து நீரில் ரத்தத்தின் தெளிவைச் சில சொட்டு விட்டிருந்தார்கள். நோயில்லாத ஒருவருடையது அப்படியே தெளிந்திருந்தது. என் மகளுடையது அரிசி களைந்த கழுநீர்போல் லேசாகக் கலங்கியிருந்தது. அதுவும் லேசாகத்தான்.

சாட்சிகள் இரண்டும் ஒத்துப் பேசவில்லை என்றார். விலாவுக்குக் கீழே வலி இருப்பதால் கல்லாக இருக்கும் என்று அறுவை சிகிச்சை டாக்டர் நினைக்கிறார். கல் என்றால் தாமதிக்கக் கூடாது, திறந்து எடுக்க வேண்டும். அழன்ற ஈரல் என்றால் கத்தியும் மயக்க மருந்துமே அவளை முடித்துவிடலாம்.

அவர் 'முடித்துவிடலாம்' என்று சொல்லவில்லை. "அந்தப் பிள்ளை தாங்காது" என்றுதான் சொன்னார்.

பிறகு அவர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். ரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்கை ஈரல்தான் செய்கிறது. அதைச் செய்ய அதற்கு ஒரு வைட்டமின் வேண்டும். சாப்பாட்டிலிருந்து அந்த வைட்டமின் உடம்பில் சேர, குடலில் பித்தம் இருக்க வேண்டும். அவள் ரத்தம் உறையத் தாமதமாகிறது. நான் புரியாமல் விழிப்பதைப் பார்த்துக் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"வீட்டில சோறு இல்லை. ஏன் இல்லை? அரிசி இல்லையா, அடுப்பு எரியேல்லையா? வெளியில நிண்டு பாக்கிற ஆளுக்குத் தெரியாது. இண்டைக்கு நாங்கள் அரிசியைக் கொண்டுபோய்க் குடுக்கிறம், அந்த வைட்டமினை, ஊசியில. நாளைக்குச் சோறு வந்தா அடுப்பு நல்லது. குழாய்தான் அடைச்சிருக்கு. அரிசி குடுத்தும் வரேல்லையெண்டா..."

"அடுப்பு," என்றேன்.

"ஓம். விளங்குதுதானே."

விளங்கியது. அதனால்தான் அன்று மாலை கோயிலில் எனக்கு வேண்டுதல் வாயில் வரவில்லை. ரத்தம் உறையட்டும் என்று கேட்டால் என் பிள்ளையின் வயிற்றைக் கிழிக்கச் சொல்லிக் கேட்பதாகிறது. உறைய வேண்டாம் என்று கேட்டால் அவள் ஈரல் அணைந்துபோகட்டும் என்பதாகிறது. கோயிலுக்குக் கிளம்பும் முன் வீட்டில் என் கணவர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார். "கத்தி வைக்கணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு." எதை விரும்புவது என்றே தெரியாதவளிடம் கேட்டால் என்ன சொல்வேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளின் காலிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மன் சன்னதியில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னருகில் வந்து நின்றாள். நான் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு அவளே அம்மனிடம் பேசினாள், அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல், மலாயில். இந்தப் பெண்ணின் ஹாத்தியை நன்றாக வை, வேறொன்றும் வேண்டாம். அவள் கேட்டது ஈரலையா மனசையா என்று நான் கேட்கவில்லை. அவள் பின்னாலேயே அதே வார்த்தைகளை நானும் சொன்னேன். தமிழில் சொல்லியிருந்தால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பஞ்சை அழுத்திப் பிடிக்கும் வேலை என்னுடையது. விரலை எடுத்தேன். பஞ்சு சிவந்தது, முந்திய முறையைவிடக் கொஞ்சம் மெதுவாக. அது என் ஆசையா, உண்மையா என்று தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, நின்னுச்சா?"

"நிக்கும்."

"உன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே. பிள்ளைங்களுக்கு மார்க் போடுற மாதிரி பாக்கிற."

மதியத்துக்கு மேல் டாக்டர் வந்தார். ரத்தம் உறையும் திறன் கொஞ்சம் ஏறியிருக்கிறது, முழுக்க ஏறவில்லை என்றார். குழாய் மட்டும் அடைத்திருந்தால் ஊசிக்குப் பிறகு நன்றாகவே ஏறியிருக்கும். அந்தக் கலங்கலையும், வயதையும், கெராங்கையும் சேர்த்துப் பார்த்தால் ஈரல் அழற்சிதான். அறுவை சிகிச்சை டாக்டரும் ஒத்துக்கொண்டுவிட்டார். கத்தி இல்லை. அப்படியானால் அடுப்பு, என்று இழுத்தேன்.

"எரியுது, ரீச்சர். சின்னதா எரியுது. ஊத ஏலாது, கிளற ஏலாது. படுத்துக் கிடக்கட்டும். நாங்கள் பாத்துக்கொண்டிருப்பம்."

பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கத்தியே மேல் என்று தோன்றிய நாட்கள் அவை. குளுக்கோஸ் தண்ணீர், எண்ணெயில்லாத கஞ்சி, படுக்கை. அவள் பேச்சு குழறுகிறதா, என்ன கிழமை என்று சொல்கிறாளா என்று மிஸ்ஸிகள் அடிக்கடி கேட்டுப் பார்த்தார்கள். அது எதற்கு என்று நான் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். ஈரல் ஓய்ந்தால் புத்தி மங்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு, அவள் தூங்கும்போதெல்லாம் எழுப்பிக் கிழமை கேட்டேன். ஒருமுறை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பயந்து உடனே சரியாகச் சொன்னாள்.

அடுத்த வாரச் சோதனையில் மஞ்சளின் அளவு முன்னைவிட ஏறியிருந்தது. காகிதத்தை டாக்டர் கையிலிருக்கும்போதே எட்டிப் பார்த்துவிட்டேன். ஏறிய எண் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, விரலைக் காகிதத்தின் கீழ்வரிக்கு நகர்த்தினார். ரத்தம் உறையும் நேரம். நோயில்லாதவரின் ரத்தத்தோடு ஏறக்குறைய சமமாக வந்திருந்தது.

"மஞ்சளைப் பாக்காதேங்கோ. அது கடைசியாத்தான் போகும். ஈரல் திரும்ப வேலை செய்யுதோ எண்டு இதுதான் சொல்லுது. செய்யுது."

நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

மஞ்சள் அவர் சொன்னபடியே கடைசியாகத்தான் போனது. முதலில் பசி வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் உப்புப் போட்டுக் காய்ச்சிய வெறும் கஞ்சியை மகள் முழுவதும் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு சிறுநீர் தெளிந்தது. வீட்டுக்கு வந்து பல நாட்கள் வரைக்கும் கண்ணின் ஓரத்தில் மட்டும் ஒரு நிறம் மிச்சமிருந்தது. காலையில் அவள் எழுந்ததும் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பேன். மேகம் மூடிய நாட்களில் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

ஒருநாள் சாப்பிடும்போது என் கணவர் மெதுவாகச் சிரம்பான் பேச்சை எடுத்தார். அவர்கள் இன்னமும் காத்திருக்கிறார்களாம், உடம்பு தேறட்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்திருக்கவில்லை. அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் சீமைக்குப் போகத்தான் போறேன். நீயாவது சொல்லேன், ம்மா."

கோபத்தில் கண்ணை அகல விழித்துப் பார்த்தாள். வாசல் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். எனக்கு அந்தக் கோபம் தெரியவில்லை. கண்ணின் வெள்ளைதான் தெரிந்தது. ஓரம்வரைக்கும் வெள்ளை.

"போ," என்றேன்.