சுடாத கால்

கனடாவில, றிச்மண்ட் ஹில் கோயில் தேர் அண்டைக்கு நல்ல வெயில். வீதி முழுக்கத் தார். வெறுங்காலோட வடம் பிடிச்ச சனம் துள்ளித் துள்ளிப் புல்லுக்கு ஓடுது. நான் ஓடேல்லை. ஒரு சுற்று முழுக்க நடந்தன்.

பக்கத்தில வடம் பிடிச்சவர் என்னோட வேலை செய்யிறவர். என்னைப்போல அவருக்கும் சீனி வருத்தம், நீரிழிவு. "அண்ணையைப் பாருங்கோ, உதுதான் பக்தி" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமை.

ரெண்டு நாள் போக, மனுசி வீட்டுத் தரையைப் பாத்தா.

"உதென்ன ஈரம்?"

"தண்ணி."

"தண்ணி மஞ்சளாவே இருக்கும்? காலைக் காட்டுங்கோ."

வலது பெருவிரலுக்குக் கீழ கொப்புளம் வெடிச்சு, தோல் உரிஞ்சு கிடந்தது.

"நோகேல்லையோ?"

"இல்லை."

மனுசி உடன டொக்டருக்குப் போன் எடுத்தா.

எங்கட டொக்டர் இங்க பிறந்த தமிழ்ப் பிள்ளை. ஒவ்வொரு முறையும் சப்பாத்தைக் கழட்டச் சொல்லுவா. சொக்ஸில ஓட்டை. "அடுத்தமுறை பாப்பம்" எண்டு வந்திடுவன். பதினாலு வருசம் அப்பிடிப் போச்சு.

இந்தமுறை கழட்டினன். கண்ணை மூடச் சொன்னா. நைலோன் நூலாலை பாதத்தைத் தொடுவாவாம், தெரிஞ்சாச் சொல்லட்டாம். காத்திருந்தன்.

"தொடங்குங்கோ பிள்ளை."

"முடிஞ்சுது அங்கிள்."

சீனி நரம்பைக் கெடுத்துப்போட்டுதாம். நோகாதது சுகமில்லையாம். கிருமி எலும்புக்குப் போனா விரலை எடுக்கவேணுமாம்.

நான் டெலிவரி வான் ஓடுறன். பிரேக் அமத்துற கால் அது.

"விரல் இல்லாமல் வான் ஓடலாமோ?"

"முதல்ல விரலைக் காப்பாத்துவம்."

ஏழு கிழமை, கிட்டத்தட்ட ரெண்டு மாசம், காலை ஊண்டேல்லை. நேர்ஸ் வந்து புண்ணைக் கழுவிக் கட்டினா. மனுசி சோத்தை அளந்து போட்டா. ரெண்டாந்தரம் கேக்கேல்லை, கேட்டாலும் கிடையாது.

விரல் தப்பினது. உணர்ச்சி திரும்பாதாம். இப்ப ஒவ்வொரு நாளும் பின்னேரம் மனுசி போன் வெளிச்சத்தில உள்ளங்காலைப் பாக்கிறா. விரலிடுக்கும் பாக்கிறா. வீட்டுக்குள்ளயும் செருப்பு. சப்பாத்துப் போட முதல் உள்ளுக்குக் கைவிட்டுத் தடவுறன். ஒருக்கா ஒரு ஆணி இருந்தது.

அடுத்த வருசத் தேருக்குப் போனன். சப்பாத்தோட எட்டப் புல்லில நிண்டன். போன வருசம் புகழ்ந்தவர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணை, பக்தி குறைஞ்சு போச்சோ?"

"ஓம். உமக்குச் சுடுதோ?"

"சுடுதோவோ? செத்துப்போனன் அண்ணை!"

"நல்லம்" எண்டன்.