நான் துரத்திய பூங்குருவி

போன கிழமை நான் ஒரு குருவியைத் துரத்தினேன்.

இதில் என்ன அதிசயம், வயல் வட்டையில் தினமும் துரத்துகிறோமே என்று உன்னிச்சைப் பக்கத்து வாசகர்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் துரத்தியது இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத குருவி. அதிலும் மலைக்காட்டு ஓடைகளில் மட்டும்தான். அதிலும் இப்போது மிகச் சில. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் மகளுக்கு வேலை!

மகள் துஷாந்தி நுவரெலியாப் பக்கம் ஒரு பறவை ஆய்வுக் குழுவில் இருக்கிறாள். அவள் தேடுவது 'விஸ்லிங் த்ரஷ்' என்கிற பூங்குருவி. கருநீல உடம்பு, தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலம், விசில் அடிப்பது போல் குரல். விடியும்போதும் பொழுதுபடும்போதும்தான் வெளியே வருமாம். பெண்பிள்ளைக்கு ஏன் இந்தக் காட்டு வேலை, ஒரு பேங்கில் சேர்த்திருக்கலாமே என்று என்னிடம் துக்கம் விசாரித்தவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான்.

கருவாடும் எருமைத் தயிரும் கட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். போனால், பிள்ளையின் முகம் சரியில்லை.

ஓர் ஓடையில் அந்தக் குருவியின் குரலைக் கேட்டேன் என்கிறாள் இவள். குழுவில் வேறு யாரும் கேட்கவில்லை. மூன்று விடியல் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். குரல் பதிவானால் பாதுகாக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்த ஓடை சேரும். இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். இரண்டு விடியல் வீணாகிவிட்டது. மறுநாள்தான் கடைசி. அதற்குள் கூட வேலை செய்யும் பிள்ளைக்குக் காய்ச்சல். தனியாகக் காட்டுக்குள் போகக் கூடாது என்பது அவர்கள் விதி...

"நான் வாறன்" என்றேன்.

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவள் பிழை!

குளிரென்றால் அப்படியொரு குளிர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் துவாய் — கண்ணாடியில் பார்த்திருந்தால் நானே பயந்திருப்பேன். ஓடைக்கரையில் ஒரு மரவேரில் உட்கார்ந்தோம். மகள் ரெக்கோடரைப் போட்டாள். அரை வெளிச்சத்தில் இடப்பக்கமிருந்து கறுப்பாய் ஒன்று விருட்டென்று இறங்கி, ஈரப் பாறையில் உட்கார்ந்தது.

பத்து வயதிலிருந்து அப்பாவின் வட்டையில் குருவிக் காவல் இருந்தவள் நான். நெல் பால் பிடிக்கும் காலத்தில் குருவி இறங்கினால் யோசிக்க நேரமிருக்காது. பிறகு படித்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்று, டவுனில் குடியிருக்கிறேன். ஆனால் இதெல்லாம் என் கைக்கு எப்படித் தெரியும்? படபடவென்று தட்டிவிட்டது. "ஹோய்" என்று வாயும் சேர்ந்துகொண்டது.

குருவி ஒரு சத்தமும் போடாமல் போய்விட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற தாயே பிள்ளையின் கடைசி விடியலைக் கெடுத்துவிட்டேனே... ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாம இருங்கம்மா. அதுட இடம் இது. மறுகா திரும்பி வரும்."

அதற்குப் பிறகு அவள் அசையவில்லை. அவள் காலில் அட்டை ஏறியது. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள், விட்டுவிட்டாள். எனக்கு இடுப்பு வலித்தது, மூக்கு ஒழுகியது. அவளோ பாறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நன்றாக விடிந்துவிட்டது. இனி எங்கே வரப்போகிறது என்று நான் நினைத்த நேரம், அதே பாறையில் அதே கறுப்பு உருவம். தோளில் அந்த நீலம்!

"ஸ்ரீ...!"

ஓடைச் சத்தத்தைக் கீறிக்கொண்டு மெல்லிய விசில். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

பெருமையாக இருந்தது, வேறென்ன சொல்ல? பாடும் மீன் ஊர்க்காரர் என்று போகுமிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அந்த மீன் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. (வெளியில் சொல்லிவிடாதீர்கள்.) எங்கள் வாவியில் துடுப்பை இறக்கி, அதன் மேல்நுனியில் காதை வைத்துக் காத்திருக்க வேண்டுமாம். எனக்கு எங்கே அந்தப் பொறுமை? குருவியைத் துரத்தியே சோறு தின்ற குடும்பத்தில், ஒரு குருவிக்காக அசையாமல் இருக்க ஒருத்தி பிறந்திருக்கிறாள். இனி யாராவது பேங்க் வேலை என்று தொடங்கினால், உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வதாக இருக்கிறேன்.

ஒலிப்பதிவில் என் கைதட்டலை வெட்டிவிடும்படி கெஞ்சினேன். பதிவென்றால் முழுசாய் இருக்க வேண்டுமாம், மறுத்துவிட்டாள். குழு கூடிக் கேட்டபோது, தொடக்கத்தில் அது என்ன சத்தம் என்று அவர்களின் தலைவர் கேட்டிருக்கிறார்.

"அது எங்கட அம்மா. உன்னிச்சையில வட்டை காத்தவ" என்றாளாம்.

ஆக, ஓடை பட்டியலில் சேர்ந்துவிட்டது. குருவிக்கு முன்னால் நானும் பதிவாகிவிட்டேன்!