இறால் கழுவிய தண்ணீர்

அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அழுகிய முட்டையும் பினாயிலும் கலந்தாற்போன்ற அது, தண்ணீரில் வருவதற்கு முன்பே காற்றில் வந்து, பள்ளிக்கூடத்தில் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் எங்களைக் குமட்ட வைக்கும்.

காவிரித் தண்ணீர் வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் மீதியாகக் கடலில் போய்ச் சேரும் கடைமடை ஊர் எங்களுடையது. அங்கே உப்பங்கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதுதான் அம்மாவின் பிழைப்பு. பிடித்ததைப் போடும் "பறி" என்ற ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பாள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது வேறு எதால் பிடிப்பது? இறால் கழுவிய தண்ணீரைக் கொல்லை முருங்கைக்கு ஊற்றி, "அதுவும் கவுச்சி தின்னாத்தான் காய்க்கும்" என்பாள். அந்த மரம் காய்த்த காய்ப்பைத் தெருவே தின்றது.

பிறகு கழிக்கரையில் இறால் பண்ணை வந்தது. தின்னாத தீவனமும் மருந்துமாக நாறும் குட்டைக் கழிவை எங்கள் கழியில் திறந்துவிடுவதற்கு அவர்கள் வைத்த பெயர் "தண்ணி மாத்துறது". ஏதோ அழுக்குத் துணியை மாற்றுவது போல எவ்வளவு பதவிசான பேச்சு. எங்கள் நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு அவர்கள் நரகலை எங்களுக்குக் கொடுத்தார்கள், அதுதான் மாற்றியது. அம்மாவின் கால் முழுக்கப் புண்ணானது. பறியைக் கடித்த வாயில் அந்தத் தண்ணீர் பட்டு, கரையேறியதும் வாந்தி எடுப்பாள். முறையிடப் போன பெண்களிடம் பண்ணை மேலாளர், "கடல்ல கலந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்மா" என்றார், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு.

கழியில் இறால் அற்றுப்போனதும் அம்மா அதே பண்ணைக் கொட்டகைக்கு இறால் தலை கிள்ளும் வேலைக்குப் போனாள். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

இன்று அம்மா கும்பகோணத்தில் என்னோடு இருக்கிறாள். ஊரில் பறியும் இல்லை, கழியில் இறங்கும் பெண்களும் இல்லை. பண்ணை மட்டும் விடாமல் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் ஆசைப்பட்டாளே என்று கடையில் பண்ணை இறால் வாங்கிவந்தேன். கழுவிய தண்ணீரைப் பழக்கதோஷத்தில் மாடித் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைக்குக் கொண்டுபோனபோது அம்மா பின்னாலிருந்து சொன்னாள்: "அதுக்கு ஊத்தாதடி. பட்டுப்போயிடும்."

அடுப்படியில் இறால், மசாலா தடவி, மகளுக்காகக் காத்திருந்தது.