நல்ல காலைக் குறைச்சுத் தாண்டச் சொன்னவள்

இன்னைக்குப் பெரம்பலூர் பிசியோதெரபி ரூம்ல...

என் மக கயல் ஒத்தக்கால்ல தாண்ட நின்னா. பிளஸ் டூ படிக்கிறா, கபடி ஆடுறவ. போன வருஷம் ரெய்டு போனப்ப முழங்கால் ஜவ்வு அறுந்து, திருச்சியில ஆபரேஷன்.

தெரபிஸ்ட் சார் சரின்னா, அடுத்த மாசம் ஸ்டேட் செலக்ஷன்ல ஆடலாம். (தெரு பூரா "எம்பொண்ணு ஆடப்போறா"ன்னு சொல்லி வெச்சது நான்தான்!)

டெஸ்ட் சிம்பிள்தான். கோட்டுல நின்னு நல்ல கால்ல ஒரு தாண்டு, ஆபரேஷன் பண்ண கால்ல ஒரு தாண்டு. நல்ல கால் போற தூரத்துல பத்துக்கு ஒம்பது பங்காவது அந்தக் கால் போகணும்.

நான் பி.எஸ்சி. மேத்ஸ். மூளை உடனே கணக்குப் போட்டுருச்சு!

சார் டேப் எடுக்க உள்ள போனப்ப காதோரமா சொன்னேன்: "பாப்பா, நல்ல கால்ல ரொம்ப எக்காத. கொஞ்சம் குறைச்சே தாண்டு."

"எதுக்கும்மா?"

"ரெண்டும் ஒண்ணுபோல வந்தாப் போதும்டி."

என்னை ஒரு மாதிரி பார்த்தா. ஆனா அப்படியே செஞ்சா.

சார் அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"ஏம்மா கயலு, நல்ல காலுக்கு என்ன ஆச்சு? எங்க வூட்டுச் சின்னப்பய இதைவிடத் தூரம் தாண்டுவான்!"

ரூம்ல இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்!! (இப்ப நினைச்சாலும் கூசுது.)

சார் சிரிக்கலை. "யாரு சொல்லிக்குடுத்தா இந்த வேலையை?"

கயல் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "நானேதான் சார். ஆடணும்னு ஆசையில..."

"களத்துல நாலு பேரு காலைப் புடிச்சு இழுக்கிறப்ப இந்த டேப் வந்து காப்பாத்துமா? மறுபடி அறுந்தா கஷ்டப்படப்போறது யாரு, நானா?"

அவ அழுதா. நான் ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்து மூடிக்கிட்டு நின்னேன்.

திரும்பத் தாண்டச் சொன்னார். நல்ல கால் பறந்துச்சு. ஆபரேஷன் கால் பாதித் தூரம்கூடப் போகலை, தடுமாறி சுவத்தைப் புடிச்சா. அப்பத்தான் பார்த்தேன், அந்தத் தொடை எவ்வளவு இளைச்சுப் போயிருக்குன்னு. இத்தனை மாசமா ஒரே வூட்ல இருந்தும் பார்த்ததில்ல.

"இந்த வருஷம் ஆட்டம் வேணாம்மா"ன்னுட்டார்.

வூட்டுக்குத் திரும்புற அரியலூர் பஸ்ல கேட்டேன். "ஏண்டி, அம்மாதான் சொல்லிக்குடுத்தான்னு சொல்லலை?"

"சொன்னா அடுத்த தடவை உன்னைய வெளிய நிக்க வெச்சிருவாரும்மா. எனக்கு உள்ள தனியாப் போகப் பயமா இருக்கும்."

சாருக்கு நாளைக்கு போன் பண்ணி உண்மையைச் சொல்லிருவேன். அது பெருசில்ல.

பெத்த பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா? எப்படிங்க ஆரம்பிச்சீங்க?