இரட்டைக் கோடு

நான்கு வயதாகியும் நடக்காத மகனோடு இன்று ஈஜிபுராவிலிருந்து பஸ் பிடித்து, மரபணுப் பரிசோதனைக்குப் போனோம்.

ஆலோசகர் பெண் எங்கள் குடும்பத்தைப் படமாக வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.

என் கணவருக்குச் சதுரம் போட்டுவிட்டு, "உங்க அம்மாகூடப் பொறந்தவங்க யாரு மேடம்?" என்றார்.

அதே சதுரத்தைக் காட்டினேன். "இவர்தான். அம்மாவோட தம்பி."

எங்களை இணைத்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரண்டு கோடாம்.

"யார் தப்பும் இல்ல சார்" என்றார்.

மாமா, எங்கள் மகனை மடியில் சரிசெய்துகொண்டார். "தெரிஞ்சிருந்தா கட்டியிருக்க மாட்டேன்மா" என்றார் ஆலோசகரிடம். என்னைப் பார்க்கவில்லை.

"சொந்தம் விட்டுப்போகக் கூடாது" என்று கிருஷ்ணகிரி மண்டபத்தில் அட்சதை போட்டவர்கள் பலர் இந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள்.

அவர்களுடைய மரபணு ஆராய்ச்சிக்கு நம் சொந்தக்காரர்களின் ரத்தமும் வேண்டுமாம்.

யார் யார் வருகிறீர்கள்?